உருகாத பிளாஸ்டிக்கைத் தேடிப் போன மனுஷன்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், பிளாஸ்டிக் கழிவில் பேவர் பிளாக் செய்வது. புது ஐடியா ஒண்ணும் இல்ல, அது எங்களுக்கும் தெரியும். பால் கவர், கேரி பேக், உடைஞ்ச குடம், பாட்டில் மூடி எல்லாத்தையும் கழுவிக் காயவெச்சு, சின்னச் சின்னதா வெட்டி, சூடு பண்ணி, உருகினதும் எம்-சாண்ட் கொட்டிக் கிளறி, அச்சில் போட்டு அமுக்கணும். மூணாவது பேட்ச்ல ஒரு தப்பு நடந்துச்சு. பழைய இரும்புக் கடையில் இருந்து வாங்கின மூட்டையில் கறுப்பா சில துண்டுகள் இருந்தன. உடைஞ்ச சுவிட்ச், பல்ப் ஹோல்டர், குக்கர் கைப்பிடி. இதுவும் பிளாஸ்டிக்தானேன்னு நானே அள்ளிப் போட்டேன்.

மத்ததெல்லாம் களி மாதிரி ஆயிடுச்சு. அந்தக் கறுப்புத் துண்டுங்க மட்டும் போட்ட மாதிரியே கிடந்துச்சு. இன்னும் கொஞ்சம் சூடு ஏத்திப் பார்த்தோம். ஓரம் கருகி, மூக்கைத் துளைக்கிற ஒரு ஆஸ்பத்திரி நெடி வந்ததுதான் மிச்சம். அப்புறம் அந்த பிளாக்கை கம்ப்ரெஷன் மெஷின்ல வெச்சப்போ, கறுப்புத் துண்டு இருந்த இடத்தில் விரிசல் ஆரம்பிச்சு அப்படியே ரெண்டாப் பிளந்துடுச்சு.

அந்தத் துண்டுக்குப் பேரு பேக்லைட். பன்னிரண்டாவது கெமிஸ்ட்ரில ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின அதே பேக்லைட்தான். அதை உருவாக்கின மனுஷன் யாருன்னு தேட ஆரம்பிச்சு ரெண்டு ராத்திரி தூங்கல. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இதுக்கு இடம் கிடையாது. அதனால இங்க எழுதறேன்.

லியோ பேக்லண்ட் பிறந்தது 1863 நவம்பர் 14, பெல்ஜியத்தில் கெண்ட் என்ற ஊரில். அப்பா செருப்புத் தைக்கிறவர். அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். பையன் சீக்கிரமா தன் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகினால் போதும்னு அப்பா நினைச்சார். அம்மா விடல. பையன் படிச்சே ஆகணும்னு நின்னாங்க. பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் நகராட்சி நடத்தின தொழில்நுட்பப் பள்ளி. அங்கே வாங்கின மதிப்பெண்ணைப் பார்த்து நகராட்சியே உதவித்தொகை கொடுத்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்புச்சு. 17 வயசில் உள்ளே போனவர், 1884-ல் டாக்டர் பட்டத்தோட வெளியே வந்தார். அப்போ வயசு 21. எனக்கும் இப்போ 21தான். எனக்கு ஒரு அரியர் இருக்கு, அதை விடுங்க.

சின்ன வயசில் அவருக்குப் பைத்தியம் போட்டோகிராபி. அந்தக் காலத்தில் போட்டோ பிளேட்டை நாமளே தயார் பண்ணணும், அதுக்கு சில்வர் நைட்ரேட் வேணும், வாங்கக் காசு இல்ல. அப்பா பரிசாக் கொடுத்த பாக்கெட் வாட்ச்சில் ஒரு வெள்ளிச் சங்கிலி இருந்தது. அதைக் கழற்றி ஆசிடில் கரைச்சு, தனக்கு வேண்டிய சில்வர் நைட்ரேட்டைத் தயாரிச்சுக்கிட்டாராம். இந்தக் கதையை அவரைப் பத்தி எழுதின எல்லாரும் சொல்றாங்க. கையில் இருக்கிற பொருளைப் பார்த்தா, இது என்னவா இருக்குன்னு யோசிக்காம, இதை வேற என்னவா மாத்தலாம்னு யோசிக்கிற புத்தி அப்பவே இருந்திருக்கு.

கெண்ட் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர் ஆனார். பேராசிரியர் ஸ்வார்ட்ஸின் மகள் செலீனைக் காதலிச்சு 1889-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டார். மாமனாருக்கு மருமகன் ஆராய்ச்சியும் வகுப்புமா இருக்கணும்னு ஆசை. மருமகனுக்கோ கண்டுபிடிப்பை வித்துக் காசு பார்க்கணும்னு ஆசை. கல்யாணம் ஆன அதே வருஷம், கல்விப் பயணத்துக்குன்னு கிடைச்ச உதவித்தொகையில் ரெண்டு பேரும் அமெரிக்கா போனாங்க. போனவர் திரும்பி வந்து வேலையில் சேரவே இல்ல.

நியூயார்க்கில் முதலில் ஒரு போட்டோ கம்பெனியில் வேலை. 1891-ல் அதை விட்டுட்டு சொந்தமா கன்சல்டிங். அங்கதான் சறுக்கல். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட ஐடியாக்களை எடுத்து வெச்சுக்கிட்டு எதையும் முடிக்கல. உடம்பு முடியாமப் படுத்தார், கையில் இருந்த பணமும் கரைஞ்சது. படுக்கையில் இருந்தப்போதான், சீக்கிரம் பலன் தரக்கூடிய ஒரே ஒரு வேலையை மட்டும் பிடிச்சுக்கணும்னு முடிவு பண்ணினார். அதுதான் வெலாக்ஸ் போட்டோ பேப்பர். அதுவரைக்கும் போட்டோவைப் பிரிண்ட் போட வெயில் வேணும். வெலாக்ஸ் வந்ததும் விளக்கு வெளிச்சத்திலேயே போட முடிஞ்சது. 1893-ல் கூட்டாளியோட நெபேரா கெமிக்கல் கம்பெனி ஆரம்பிச்சார்.

1899-ல் கோடாக் முதலாளி ஜார்ஜ் ஈஸ்ட்மன் அதை விலைக்குக் கேட்டார். பேக்லண்ட் 50,000 டாலர் கேட்கலாம், ரொம்பப் பேரம் பேசினா 25,000-க்கு இறங்கலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு ரயில் ஏறினாராம். நல்ல வேளை, வாயைத் திறக்கறதுக்குள்ள ஈஸ்ட்மனே தொகையைச் சொல்லிட்டார். சுமார் 750,000 டாலர்னு பொதுவா சொல்றாங்க. கூட்டாளிங்க பங்கு போக மிச்சமே வாழ்நாளுக்குப் போதும். கேம்பஸ் இன்டர்வியூல எதிர்பார்க்கிற சம்பளம் எவ்வளவுன்னு கேட்கும்போது இந்தக் கதையை ஞாபகம் வெச்சுக்கலாம், நமக்கு உதவாட்டியும்.

36 வயசு. பணம் இருக்கு. போட்டோ பேப்பர் பக்கம் இனி வர மாட்டேன்னு ஒப்பந்தம் வேற. யோங்கர்ஸ் ஊரில், ஹட்ஸன் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய வீடு வாங்கி, பின்னாடி இருந்த கொட்டகையை லேபா மாத்திக்கிட்டார். தன்னோட எலக்ட்ரோகெமிஸ்ட்ரி பழசாயிடுச்சுன்னு தோணினதும், ஜெர்மனிக்குப் போய் மாணவன் மாதிரி உட்கார்ந்து படிச்சுட்டு வந்தார். அதுக்கு அப்புறம் அவர் கையில் எடுத்த பொருள் நம்ம ஊர்ச் சரக்கு. அரக்கு.

புரசு, இலந்தை மாதிரி மரங்களில் ஒட்டிக்கிட்டு ஒரு சின்னப் பூச்சி கக்குற பிசின்தான் அரக்கு. சூடு பண்ணினா இளகும், ஆறினா இறுகும், திரும்பச் சூடு பண்ணினா திரும்ப இளகும். வளையலுக்கும் முத்திரைக்கும் நாம பயன்படுத்தினதை, மின்சாரம் வந்ததும் உலகமே கேட்க ஆரம்பிச்சது. கம்பிச் சுருளுக்கு மேல் பூச, மின்சாரம் கசியாம இருக்க, ஷெல்லாக் வேணும். அதில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் போனது. பூச்சியோ தன் வேகத்தில்தான் வேலை செய்யும். விலை ஏறிக்கிட்டே போச்சு. லேபில் ஷெல்லாக் மாதிரி ஒண்ணைச் செய்ய முடிஞ்சா பணம் கொட்டும்னு பேக்லண்ட் கணக்குப் போட்டார்.

அவர் எடுத்த ரெண்டு கெமிக்கலும் பழசு. ஃபீனால், ஃபார்மால்டிஹைடு. ரெண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்னு 1872-லேயே ஜெர்மனியில் அடால்ஃப் பேயர் பார்த்திருந்தார். பாத்திரத்தின் அடியில் கெட்டியா ஒரு பிசின் ஒட்டிக்கும், எந்தக் கரைப்பானிலும் கரையாது, சுரண்டவும் வராது. சாயம் தேடிக்கிட்டிருந்தவருக்கு அது ஒரு தொல்லை. அடுத்து வந்தவங்களும் கையைச் சுட்டுக்கிட்டு விட்டுட்டாங்க. லேப் அசிஸ்டென்ட் நதானியேல் தர்லோவோட சேர்ந்து பேக்லண்ட் முதலில் கரையக்கூடிய ஒரு பிசினைச் செய்து நோவோலாக்னு பேர் வெச்சார். ஷெல்லாக்குக்குப் பதிலா அது பெருசா எடுபடல.

அப்போதான் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எல்லாரும் அந்தப் பிசின் கரையலையேன்னு அழுதாங்க. கரையாது, உருகாதுங்கறதுதான் அதோட சிறப்புன்னா?

சிக்கல் ஒண்ணு இருந்தது. இந்த வினை நடக்கும்போது சூடும் வரும், நீராவியும் வரும். பிசின் இறுகிக்கிட்டிருக்கிற நேரத்தில் உள்ளே குமிழ் வந்தா, கடைசியில் கிடைக்கிறது ஓட்டை ஓட்டையா ஒரு பஞ்சு. அதனால மத்தவங்க சூட்டைக் குறைச்சு மெதுவா ஓட்டிப் பார்த்தாங்க. பேக்லண்ட் நேர் எதிரா, 100 டிகிரியைத் தாண்டிச் சூட்டை ஏத்தினார். குமிழ் வராம இருக்க மேலேருந்து அழுத்தம் கொடுத்தார். கெட்டியான மூடி போட்ட இரும்பு அண்டா, அதுக்குப் பேர் பேக்லைசர். சுருக்கமா, நம்ம வீட்டு பிரஷர் குக்கர். இன்னிக்கு அதே குக்கருக்குக் கைப்பிடியா அவரோட பிளாஸ்டிக்தான் இருக்கு.

அது ஏன் உருகறதில்லைங்கறதுக்கு இட்லியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. நெய் உறையும், சூடு பண்ணினா திரும்ப உருகும். பால் கவர் பிளாஸ்டிக் அந்த ஜாதி. மாவு அப்படி இல்ல. ஒரு தடவை வெந்து இட்லி ஆச்சுன்னா, எவ்வளவு சூடு பண்ணினாலும் திரும்ப மாவு ஆகாது. பேக்லைட்டில் மூலக்கூறு சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா முடிச்சுப் போட்டுக்கும். முழு துண்டுமே ஒரே வலை. பேக்லண்டே தன் பொருளை ஏ, பி, சி-ன்னு மூணு நிலையாப் பிரிச்சார். ஏ-யில் உருகும், பி-யில் சூடு பட்டால் இளகும், சி-க்குப் போயிட்டா அவ்வளவுதான், திரும்பி வர வழி இல்ல.

1907 ஜூலை 13 அன்று இந்த வெப்ப-அழுத்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன்னு ஒரு எஞ்சினியர் கிட்டத்தட்ட இதே வேலையைத் தனியாச் செய்துகிட்டிருந்தார். காப்புரிமை அலுவலகத்துக்குப் போனப்போ ஒரு நாள் பிந்திட்டார்னு சொல்றாங்க. ஒரே ஒரு நாள்! ஆனா பின்னாடி பிரிட்டனில் பேக்லைட் கம்பெனி வந்தப்போ அதுக்குத் தலைவர் ஆனது அதே ஸ்வின்பர்ன்தான்.

1909 பிப்ரவரியில் நியூயார்க்கில் வேதியியலாளர்கள் முன்னாடி பேக்லைட்டை அறிமுகப்படுத்தினார். 1910-ல் ஜெனரல் பேக்லைட் கம்பெனி. அப்புறம் நடந்தது நமக்கே தெரியும். டெலிபோன், ரேடியோ பெட்டி, கார் பாகம், சுவிட்ச், பிளக். 1924-ல் டைம் பத்திரிகை அட்டையில் அவர் முகம். அதே வருஷம் அமெரிக்க வேதியியல் சங்கத் தலைவர் பதவி. நடுவில் போட்டிக் கம்பெனிகளோட காப்புரிமை வழக்குகள், கடைசியில் 1922-ல் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரே கார்ப்பரேஷன்.

சிவில் பசங்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கு. சைட்டில் சென்டரிங் அடிக்கிற பழுப்பு நிற ஷட்டரிங் பிளைவுட் பார்த்திருப்பீங்க, மேலே வழவழன்னு ஒரு பிலிம் இருக்கும். அது ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிசின். கொதிக்கிற தண்ணியில் போட்டாலும் பிரியாதுன்னு கடைக்காரர் சத்தியம் பண்ற மரைன் பிளைவுட்டில் அடுக்குகளை ஒட்டியிருக்கிறதும் அதே குடும்பம்தான். பேக்லண்ட் வீடு கட்டல. ஆனா இன்னிக்கு நாம ஊத்துற ஸ்லாப் பலதும் அவரோட பிசின் மேலதான் இறுகுது.

படிச்சதில் என்னை நிறுத்தின விஷயம் வேற. ஃபீனால் எங்கேருந்து வந்தது? நிலக்கரியில் இருந்து வாயுவும் கோக்கும் எடுத்த பிறகு மிஞ்சின தாரில் இருந்து. வெறும் பிசினை அச்சில் போட்டா உடையக்கூடியதா இருக்கும், அதனால கூட மரமாவு கலந்தாங்க. மரத்தூளை நைசா அரைச்ச மாவு. பல சரக்கில் கிட்டத்தட்ட பாதி எடை அதுதான். அப்படின்னா உலகத்தின் முதல் முழுச் செயற்கை பிளாஸ்டிக்கே ரெண்டு கழிவுகள் சேர்ந்து பிறந்தது. நாங்க பிளாஸ்டிக்கில் எம்-சாண்ட் கலக்கற ஐடியா புதுசுன்னு ரிவ்யூல ஸ்லைடு போட்டோம். 115 வருஷம் லேட்.

கழிவை உள்ளே எடுத்துக்கிட்ட அந்தப் பொருள், தானே கழிவானா என்ன பண்றதுன்னு அவர் கேட்டதா நான் எங்கேயும் பார்க்கல. அவரைக் குறை சொல்லவும் மனசு வரல. அவருக்கு முன்னாடி இருந்த செல்லுலாய்டு லேசாத் தீ பட்டாலே பத்திக்கும், சூட்டில் வளையும். அந்தக் காலத்தில் உருகாம இருக்கிறதுதான் வெற்றி, தீயில் நிக்கிறதுதான் பாதுகாப்பு.

இந்த இடத்தில் எங்க செகண்ட் ரிவ்யூ ஞாபகம் வருது. பேனலில் இருந்த ஒரு சார் எங்க பிளாக்கைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு, இதை நடைபாதைக்குப் போடுறது சரி, சுவருக்குப் போட்டா தீ விபத்தில் என்ன ஆகும்னு கேட்டார். பதில் இல்ல. எனக்கு உடனே தோணினது அரக்கு மாளிகைதான். வாரணாவதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டின அந்த வீடு சூட்டில் இளகுற பிசினால் ஆனது, எரியறதுக்குன்னே கட்டினது. உருகுற பிளாஸ்டிக்கை மட்டும் நம்பிச் சுவர் எழுப்பினா நாமளும் துரியோதனன் கான்ட்ராக்ட் எடுத்த மாதிரிதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வாசுதேவன் சார் உருவாக்கின பிளாஸ்டிக் ரோடு முறை எடுபட்டதுக்குக் காரணமே, அது உருகுற குணத்தை நம்பினதுதான். சூடான ஜல்லி மேல் கவர் துண்டுகளைத் தூவினா, அது உருகி ஜல்லியைப் பூசிக்கும், அப்புறம் தார் இன்னும் நல்லாப் பிடிக்கும். ரோட்டுக்கு அது பொருந்தும். சுவருக்குத் தீயில் நிக்கிற பொருள் வேணும். தீயில் நிக்கிற பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்க முடியாது. ஷெல்லாக்கை விட்டுட்டு பேக்லைட்டுக்குப் போன அன்னிக்கே பேக்லண்ட் இந்த ரெண்டில் ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டார்.

கடைசிக் காலம் வேற மாதிரி. மகன் ஜார்ஜுக்குக் கம்பெனியை நடத்துறதில் ஆர்வம் இல்ல. 1939-ல் மொத்தத்தையும் யூனியன் கார்பைடுக்கு வித்துட்டார். பெயரைப் படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆமாம், 45 வருஷம் கழிச்சு போபாலில் நாம கேள்விப்பட்ட அதே பெயர்தான். அந்தக் கதையில் பேக்லண்டுக்குச் சம்பந்தம் இல்ல.

வயசானதும் ஃப்ளோரிடாவில் கடலோர வீட்டில் ஒதுங்கிட்டார். அவ்வளவு பணக்காரர், சாப்பாடு மட்டும் டப்பாவில் அடைச்சது, அதுவும் டப்பாவோடவே. வெயில் தாங்கலைன்னா போட்டிருக்கிற சட்டை பேண்ட்டோட அப்படியே நீச்சல் குளத்தில் இறங்கிடுவாராம், ஈரத்துணி காயற வரைக்கும் குளிர்ச்சியா இருக்கும்னு. ஏசி இல்லாத ஹாஸ்டலுக்கு நல்ல யோசனை. 1944 பிப்ரவரி 23 அன்று நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் ஒரு மருத்துவ விடுதியில், மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். வயசு 80. அவர் எழுதின டைரிகளும் அந்தப் பழைய பேக்லைசரும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

ப்ராஜெக்ட்டுக்கு வர்றேன். கறுப்புத் துண்டை உருக்க முடியாது, ஆனா அரைக்கலாமே, அரைச்சு கான்கிரீட்டில் மணலுக்குப் பதிலா ஒரு பங்கு போடலாமேன்னு நாலு பேரும் உற்சாகமாக் கிளம்பினோம். லேப் அசிஸ்டென்ட் அண்ணாதான் தடுத்தார். பழைய காலத்து எலக்ட்ரிக் சாமான்களில் சூடு தாங்கறதுக்காக மரமாவுக்குப் பதிலா ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பாங்க, அதை அரைச்சா தூசி நுரையீரலுக்குள்ள போகும்னார். தேடிப் பார்த்தோம், அவர் சொன்னது உண்மை. குக்கர் கைப்பிடி எது, அந்தக் காலத்து மெயின் போர்டு எதுன்னு முழுசா இருந்தா ஓரளவு சொல்லலாம். எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் உடைஞ்ச சில்லு. எல்லாமே ஒரே கறுப்பு.

இப்போ புது மூட்டை வந்தா முதல் வேலை, தரையில் கொட்டி உட்கார்ந்து கறுப்புத் துண்டுகளைப் பொறுக்குறதுதான். சந்தேகம் வந்தா ஒரு சூடான ஆணியால் தொட்டுப் பார்ப்போம். உள்ளே இறங்கினா பக்கெட்டுக்குப் போகும். இறங்கலைன்னா மூலையில் இருக்கிற சாக்குக்கு. அந்தச் சாக்கு முக்கால்வாசி நிரம்பிடுச்சு. இரும்புக் கடைக்காரர் அதைத் திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டார். மேல மார்க்கர்ல லியோன்னு எழுதி, வாயைக் கட்டி வெச்சிருக்கோம்.